ரோஸ்லின் விடாத கை

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக யாரும் ஒழுங்காக நடக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடுதான் எல்லார் காலும் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், பிள்ளைகளே.

ஒருநாள் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வருகிறேன். என் மகள் ரோஸ்லின் — ஆறாம் வகுப்பு, நண்டைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு போன கதையை முன்பு எழுதினேனே, அவளேதான் — ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குதிகால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. முன்பாதங்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம். ஒன்று பழைய துறைமுகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று உப்பளத்தைப் பார்க்கிறது.

"ஏளா, கால்ல முள்ளு ஏறிட்டா?"

"இல்லப்பா. ஃபர்ஸ்ட் பொசிஷன்."

"ஃபர்ஸ்ட்டா? எந்தப் பாடத்துல?"

"நிக்கிறதுலப்பா!"

சொல்லிவிட்டு, முதுகைக் கொஞ்சமும் வளைக்காமல், முழங்கால்களை மட்டும் இரண்டு பக்கமும் விரித்து மெல்ல மடக்கினாள். இறங்கினாள். அப்படியே ஏறினாள். "இது ப்ளியே" என்றாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஞானத்தின் குரல் வந்தது. "பள்ளிக்கூடம் விட்டு வந்ததுல இருந்து இப்படித்தான் இறங்கி இறங்கி ஏறுதா. மாவாட்டுன்னு சொன்னா மட்டும் முட்டி வலிக்காம்."

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தையல் டீச்சர் வந்திருக்கிறார். பேர் ஜோசபின். பாண்டிச்சேரிக்காரர். அவருடைய அப்பா சைகோனில் வேலை பார்த்தவராம். டீச்சரும் சின்ன வயதில் அங்கேதான் வளர்ந்தாராம். அங்கே அவர் கற்றுக்கொண்டது பாலே நடனம். பிறகு பாண்டிச்சேரி, கல்யாணம், வீட்டுக்காரருக்குப் புதுத்துறைமுகத்தில் வேலை... ஆக, பாலே கப்பலேறி, ரயிலேறி, கடைசியில் நம் தூத்துக்குடிக்கே வந்துவிட்டது! பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு பாலே போடலாம் என்று சிஸ்டர்மாரிடம் அனுமதி வாங்கிவிட்டார் டீச்சர்.

பாலே என்றால் என்ன? மேற்கு நாடுகளில் ஆடுகிற நாட்டியம். அதில் பேச்சு இல்லை. இசை உண்டு, உடம்பு உண்டு, அவ்வளவுதான். நம் பரதநாட்டியத்தில் அடவு இருக்கிறதல்லவா, அதுபோல அதிலும் அடவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு மொழியில்தான் பேர். ருஷ்யாவில் ஆடினாலும் சரி, அமெரிக்காவில் ஆடினாலும் சரி — பேர் மாறாதாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ப்ளியே, தாந்து, ரலவே, ஸோத்தே என்று மகள் அடுக்கிக்கொண்டே போனபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மகள் ஏதோ டாக்டர் படிப்புக்கே போய்விட்டதுபோல...

"இதுக்கெல்லாம் அர்த்தம் என்னம்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ப்ளியே என்றால் மடங்கியது. முழங்கால் மடங்குகிறதல்லவா, அதனால். தாந்து என்றால் நீட்டி இழுத்தது. ஒரு காலைத் தரையோடு தேய்த்துக்கொண்டே முன்னால் நீட்டி, விரல் நுனி மட்டும் தரையைத் தொடும்படி நிறுத்துவது. ரலவே என்றால் உயர்ந்தது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. ஸோத்தே என்றால் குதித்தது. ஆமாம், குதிப்பதுதான்!

மடங்கியது, நீட்டியது, உயர்ந்தது, குதித்தது. இதை நாம் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கும்போதே செய்துவிடுகிறோமே? தூரத்திலிருந்து வந்த வார்த்தை என்றால் மட்டும் நாம் ஏன் எழுந்து நின்று மரியாதை செய்கிறோம்? சாவி, ஜன்னல், அலமாரி — இந்த வார்த்தைகள்கூடப் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியவைதான் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்வார். இன்றைக்கு ஜன்னலைப் பார்த்து யாராவது பயப்படுகிறோமா? பழகிவிட்டால் எல்லாம் நம் வீட்டு வார்த்தைதான்.

எங்கள் வீட்டில் அது ஒரே வாரத்தில் நடந்தது. "ஏளா, மேல் தட்டுல மல்லிப்பொடி டப்பா இருக்கு, ஒரு ரலவே போட்டு எடு" என்று ஞானமே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்!

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸோத்தே குதித்தால், இறங்கும்போது ப்ளியேவில்தான் இறங்க வேண்டுமாம். அதாவது குதித்துவிட்டு விறைப்பாக வந்து நிற்கக் கூடாது. முழங்கால் மடங்கி, மெத்தென்று தரையைத் தொட வேண்டும். வள்ளத்திலிருந்து மணலில் குதித்துப் பழகிய நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தரவே வேண்டியதில்லை. "நீங்க எல்லாரும் பிறக்கும்போதே ப்ளியேவோட பிறந்திருக்கீங்க" என்று டீச்சர் சொன்னாராம். ரோஸ்லின் அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அராபெஸ்க் வந்தது.

அராபெஸ்க் என்பது ஒற்றைக் காலில் நிற்கும் நிலை. ஒரு கால் தரையில். இன்னொரு கால் பின்னால், மடங்காமல், நேராக நீண்டிருக்க வேண்டும். ஒரு கை முன்னால் நீளும். பார்ப்பதற்குப் பறக்கப் போகிற கடற்காகம் மாதிரி இருக்கும்.

நாட்டியத்தின் கடைசிக் கட்டத்தில் இந்த அராபெஸ்க்கில் நிற்க வேண்டியவள் அமலி. அவள் கையைப் பிடித்துத் தாங்க வேண்டியவள் ரோஸ்லின். டீச்சர் வாசிக்கிற பியானோ இசையில் ஓர் இடம் வரும். அந்த இடம் வந்ததும் ரோஸ்லின் கையை விட்டுவிட வேண்டும். அமலி தானாக நிற்க வேண்டும். நாட்டியம் அங்கேதான் முடிகிறது.

பியானோவில் இடம் வரும். போகும். ரோஸ்லின் கையை விடமாட்டாள்.

"விடு ரோஸ்லின்" என்பார் டீச்சர். "சரி டீச்சர்" என்பாள். மறுபடியும் பியானோ. மறுபடியும் விடமாட்டாள்.

ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். புதன்கிழமைக்குள் கையை விடப் பழகாவிட்டால், அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொரு பிள்ளையைப் போட்டுவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

"விட்டுத்தான் தொலையேன்ளா, என்ன கஷ்டம்?" என்றாள் ஞானம்.

"விட்டா விழுந்துருவாம்மா."

"விழுந்தா எந்திரிக்கா!"

"கையப் பிடிச்சிட்டு எப்பிடிம்மா விடுறது?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அது என்னுடைய வார்த்தை.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்கு என் தொழில் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கு குளிக்கிற வள்ளத்தில் நான் கயிறு பிடிக்கிறவன். என் அக்கா புருஷன் தொம்மை மச்சான் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவர். கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, விறுவிறுவென்று அடிக்குப் போவார். சங்கு பொறுக்குவார். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே நிற்கிற நான் மளமளவென்று இழுத்து ஏற்ற வேண்டும்.

இந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனுடைய பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். ஏன் தெரியுமா? கயிறு பிடிக்கிறவன் அசந்துபோனால் தாலி அறுவது அவனுடைய அக்காளுக்கோ தங்கைக்கோ அல்லவா? மற்றவன் கொட்டாவி விடலாம். மச்சினன் விடமாட்டான்.

அதனால் கையில் கயிறு இருக்கும்போது நான் யாரோடும் பேசமாட்டேன். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டேன். "பிடிச்ச கைய விடக் கூடாது" — இதை எங்கள் வீட்டில் சோறு போடும்போதுகூடச் சொல்வோம். ரோஸ்லின் நடக்கப் பழகிய நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள்.

அமலி யார் தெரியுமா? தொம்மை மச்சானின் மகள்!

குளிக்கிறவர் மகளின் கையைக் கயிறு பிடிக்கிறவன் மகள் பிடித்திருக்கிறாள். "விடு" என்றால் விட்டுவிடுவாளா? இந்தக் கஷ்டம் உலகத்தில் வேறு எந்த ஊரில் பாலே சொல்லிக்கொடுத்தாலும் வந்திருக்காது. சைகோனில் நிச்சயமாக வந்திருக்காது.

மறுநாள் டீச்சரைப் பார்க்கப் போனேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கொசுவலைத் துணியைச் சுருக்கிச் சுருக்கிப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். பாலேவுக்குப் போடுகிற மெல்லிசுத் துணி இங்கே கிடைக்கவில்லையாம். கொசுவலை கிடைத்தது.

"டீச்சர், என் மக ரொம்ப அழுதா. அவள மாத்திராதீங்க..."

டீச்சர் மிஷினை நிறுத்தினார். "சார், ரோஸ்லின் கெட்டிக்காரப் பொண்ணு. கிளாஸ்லயே அவ ப்ளியேதான் நல்ல ப்ளியே. அவளை மாத்த எனக்கு மட்டும் ஆசையா?"

"பிறகு?"

"அமலி இன்னும் ஒரு தடவைகூட நிக்கலை சார்."

"நிக்காளே? நான் பாத்தேனே?"

"ரோஸ்லின்தான் அவளை நிறுத்தி வெச்சிருக்கா. அந்தப் பொண்ணு அப்படியே இவ கையில சாய்ஞ்சிக்கிட்டு இருக்கு. விட்டாத்தானே அதுக்குத் தன் கால் எங்க இருக்குன்னு தெரியும்?"

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அமலி உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டைக் காட்டினாள். "பாருங்க மாமா, உங்க மக பிடிச்ச பிடி. செவந்து கெடக்கு."

டீச்சர் சொன்னதை வீட்டில் சொன்னேன். ரோஸ்லின் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஜன்னல் கம்பிப் பக்கமே போகவில்லை. பிள்ளை பேசாமல் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப்பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தொம்மை மச்சான், அக்கா, அமலி மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்தில் கயிற்றைக் காயப் போட்டிருந்தேன். எங்கேயாவது நைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே மச்சான், உன் மக என் மக கைய முறிச்சிருவா போலயே!" என்றார் மச்சான், வந்ததும் வராததுமாக.

"வாங்க மச்சான். கயிறு பிடிக்கிறவன் மகல்லா. உடும்புப் பிடி."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். ரோஸ்லின் முகம் இன்னும் வாடிவிட்டது.

மச்சான் அதைக் கவனித்தார். அவர் ஒன்றும் தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். கயிற்றின் ஒரு முனையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். "ஏளா ரோஸ்லின், இங்கன பாரு. வாசல்தான் கடலு. உங்க மாமன் இன்னா குளிக்கப் போறேன். உங்கப்பன் எப்படிப் பிடிக்கான்னு பாத்துக்கிடு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஓடினார்.

அமலி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் எழுந்து நின்று, வள்ளத்தில் நிற்கிற மாதிரியே காலை அகட்டிக் கயிற்றைப் பிடித்தேன். கயிறு என் கைக்குள் ஓடியது.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"என்னளா?"

"நீங்க விடுதிய."

"விடலளா. கயிறு ஓடுது. கைக்குள்ளதான ஓடுது?"

"ஓட விடுதியல்லா? இறுக்கிப் பிடிச்சா என்ன ஆவும்?"

"இறுக்கிப் பிடிச்சா உங்க மாமா எப்பிடி அடிக்குப் போவாரு? பாதிக் கடல்ல தொங்க வேண்டியதுதான்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

அமலி சிரிப்பை நிறுத்தினாள். "ஏளா, நான் இத்தன நாளா பாதிக் கடல்ல தொங்கிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எத்தனை வருஷமாகக் கயிறு பிடிக்கிறேன்! கல் இறங்கும்போது கயிற்றைத் தளர்த்தி ஓட விடுவதும், சுண்டியதும் இழுப்பதும் என் கைக்குத் தெரியும். வாய்க்குத் தெரிந்தது பாதிதான். "விடக் கூடாது" என்று மட்டும்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை வாயைக் கேட்டாள். கையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வா, செஞ்சு பாப்போம்" என்று அமலி எழுந்தாள். முற்றத்து மணலில் அராபெஸ்க். ரோஸ்லின் கையைப் பிடித்தாள். அமலி காலைப் பின்னால் நீட்டினாள். பியானோவுக்குப் பதில் தொம்மை மச்சான் வாயால் ஏதோ ஒரு மெட்டுப் போட்டார். ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு வெடுக்கென்று கையை உருவினாள்.

தொப்பென்று விழுந்தாள் அமலி. மணலுக்குள் கிடந்த சிப்பி உதட்டில் குத்தி ரத்தம் வந்துவிட்டது.

"ஐயோ ஐயோ! வாய ஒடச்சிக்கிட்டு என்னளா ஆட்டம்? போதும் வா!" என்று அக்கா ஓடி வந்தாள்.

ரோஸ்லின் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். "நான் இனி விட மாட்டேன். டீச்சர் வேற ஆளப் போட்டுக்கிடட்டும். எனக்கு வேண்டாம்."

நான் தொம்மை மச்சானைப் பார்த்தேன். மகள் வாயில் ரத்தம். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். அவரோ இடுப்பில் சுற்றிய கயிற்றை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பேசியது அமலி. வாயிலிருந்த மணலைத் துப்பினாள். "அம்மா, நீ சும்மா இரி. விழுந்தது நான்." பிறகு ரோஸ்லினிடம் திரும்பினாள். "ஏளா, கயிறு அப்பிடியா ஓடிச்சி? நீ வெடுக்குன்னு உருவுற. அதுவும் கண்ண மூடிக்கிட்டு. மாமா கண்ண மூடிக்கிட்டா கயிறு பிடிக்காவ? கொஞ்சங் கொஞ்சமா விடு. நானும் உன் மேல சாய மாட்டேன்."

"திருப்பி விழுந்தா?"

"இன்னொரு உதடு இருக்குல்லா!"

அதற்குமேல் யார்தான் அழ முடியும்? ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் ஆறிப்போய்விட்டது. அமலி திரும்பத் திரும்ப விழுந்தாள். ஆனால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்து விழுந்தாள்.

புதன்கிழமை டீச்சர் முன்னால் ஆடிக் காட்டினார்கள். முதல் தடவை ரோஸ்லின் விடவில்லை. அடுத்த தடவை விட்டாள், அமலி நின்றாள். டீச்சர் கை தட்டவில்லையாம். "கையை விட்டதும் ஏன் தொங்கப் போட்டுட்ட?" என்று கேட்டாராம். பாலேயில் கை வைக்கிற முறைக்கும் ஒரு பேர் இருக்கிறது. போர் த ப்ரா. கைகளைச் சுமந்து செல்வது என்று அர்த்தமாம். கைக்கு வேலை முடிந்துவிட்டது என்பதற்காக அதைக் கீழே போடக் கூடாது, சுமக்க வேண்டும். "பிடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கட்டும் உன் கை. தொடாம இருக்கட்டும்" என்றாராம் டீச்சர். சரி, இவளே ஆடட்டும் என்றும் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை மேடையில் விடுவாளா மாட்டாளா என்பது மட்டும் டீச்சருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டமென்றால் கூட்டம். எனக்கும் தொம்மை மச்சானுக்கும் ஓரமாக ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. பேச்சு, பரிசு, குறவஞ்சி நடனம் எல்லாம் முடிந்தன. பிறகு பியானோ. உப்புக் காற்றில் கிடந்த பழைய பியானோ. அதில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது. டீச்சர் அந்தக் கட்டையைத் தொடாமலேயே வாசித்தார்.

வெள்ளைச் சட்டையும் கொசுவலைப் பாவாடையுமாகப் பிள்ளைகள் வந்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்: "ஏலே, தூங்கப் போறவளுவ கொசுவலையோட வந்துட்டாளுவ!" கூட்டம் சிரித்தது. ப்ளியே போட்டதும் இன்னும் சிரித்தது. "என்ன அண்ணாச்சி, உக்காரவா நிக்கவான்னு யோசிக்காளுவளோ?"

பிள்ளைகள் எதையும் காதில் வாங்கவில்லை. தாந்து. ரலவே. எல்லாக் குதிகாலும் ஒன்றாக உயர்ந்தபோது சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. ஸோத்தே. அத்தனை பேரும் குதித்து மெத்தென்று இறங்கினார்கள். மரப்பலகை மேடையில் சத்தமே இல்லை. ஹாலிலும் சத்தம் இல்லை.

கடைசிக் கட்டம்.

அமலி நடுவில் வந்தாள். உதட்டில் இன்னும் சின்னக் காயம். ரோஸ்லின் கையை நீட்டினாள். அமலி பிடித்தாள். ஒரு கால் மெதுவாகப் பின்னால் எழும்பி நேராக நின்றது. கடற்காகம்.

பியானோவில் அந்த இடம் வந்தது.

ரோஸ்லின் விடவில்லை.

டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த இடத்தையே திரும்பவும் வாசித்தார். எனக்கு எதிரே மேடையைக் காணவில்லை. நீலத் தண்ணீரும் அதற்குள் இறங்குகிற கயிறும்தான் தெரிந்தன.

அப்போது ரோஸ்லினின் விரல்கள் தளர்ந்தன. ஒவ்வொன்றாக. கண்ணை மூடவில்லை. அமலியின் முகத்தைப் பார்த்தபடியே தளர்த்தினாள். அமலியின் கை இவள் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே விலகியது... விலகிவிட்டது. ரோஸ்லினின் கை கீழே விழவில்லை. விரிந்தபடி, அமலியின் கைக்குக் கொஞ்சம் கீழே, தொடாமல் அங்கேயே இருந்தது.

அமலியின் கணுக்கால் ஆடியது. இடது பக்கம் சாய்ந்தாள். ரோஸ்லினின் விரல் துடித்ததை நான் பார்த்தேன். தொடவில்லை. அமலி தானாகவே நேராக வந்தாள். நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். வாசிப்பதற்கு இசைக்குறிப்பு தீர்ந்துபோய் டீச்சர் பியானோவிலிருந்து கையை எடுத்த பிறகும் நின்றாள்!

பிள்ளைகளே, உங்களையும் யாராவது பிடித்திருப்பார்கள். சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் அப்பா, தண்ணீரில் நீந்தும்போது அண்ணன், பள்ளிக்கூட வாசலில் அம்மா. ஒருநாள் அந்தக் கை தளர்ந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அது பக்கத்திலேயேதான் இருக்கும், தொடாமல். விடுகிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹால் முழுக்கக் கைதட்டல். கொசுவலை என்று சொன்னவரே எழுந்து நின்று தட்டினார். ஞானம் தட்டினாள், அக்கா அழுதுகொண்டே தட்டினாள். நான் மட்டும் தட்டவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

பக்கத்திலிருந்து தொம்மை மச்சானின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது:

"ஏலே மச்சான்... அவளே விட்டுட்டா. நீ எப்பம்லே என் கைய விடுவ?"